வலை போன பிறகும் மீன் குறைவது ஏன்?

1994 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வாக்காளர்கள் தங்கள் மாநில அரசியல் சட்டத்தில் மீன்வலையைப் பற்றி ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 72 சதவீதம் பேர் அதற்கு ஆதரவு. 1995 ஜூலை 1 முதல் மாநிலக் கடல் எல்லைக்குள் செவுள் வலை எதையும் போடக் கூடாது. கரையை ஒட்டிய நீரில் மற்ற வலைகளும் 500 சதுர அடியைத் தாண்டக் கூடாது. தூண்டிலுக்கு இந்தத் தடை இல்லை. மீன் அழிவதைத் தடுக்கவே இந்தச் சட்டம் என்று சொல்லப்பட்டது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் மெக்சிகோ வளைகுடாக் கரையின் ஐம்பதாண்டு வரலாற்றைச் சேர்த்துப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. மீன் குறையும்போதெல்லாம் ‘எவ்வளவு பிடிக்கலாம்’ என்று கேட்க வேண்டிய சட்டமன்றங்கள் ‘யார் பிடிக்கலாம்’ என்று கேட்டன. அதற்கான விலையைக் கரையில் எண்ணிக்கையில் குறைவான வலைக்காரர்கள் கொடுத்தார்கள். கடல்நீரைக் கெடுத்தவர்களோடு மோத வேண்டிய வேலை அப்படியே தள்ளிப்போனது.

ஃபுளோரிடாவுக்கு வலை புதிதாக வந்த பொருள் அல்ல. 1896-ல் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் கீ மார்கோ தீவின் சேற்றைத் தோண்டியபோது, பூர்வகுடிகள் பனை நாரால் முடைந்த வலைகளும், அவற்றின் மரமிதவைகளும், சிப்பியோட்டுக் குண்டுகளும் கிடைத்தன. பிறகு கியூபா மீனவர்கள் தென்மேற்குக் கரையில் பட்டி போட்டுத் தங்கி, மடவை மீனைப் பிடித்து உப்பிட்டு ஹவானாவுக்கு அனுப்பினார்கள். 1880களில் வட கரோலினாவின் கார்ட்டரெட் கவுண்டியிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் கார்ட்டெஸ் என்ற ஊரை உண்டாக்கின. அவர்கள் பிழைத்ததும் மடவையை நம்பித்தான். பழவேற்காட்டு ஏரியில் நம் மீனவர்கள் பிடிக்கும் அதே மடவை இனம் அங்கேயும் உண்டு. சேற்றையும் பாசியையும் தின்று வளரும் இந்த மீன் தூண்டிலில் எளிதில் கடிக்காது. ஆகவே வலையைத் தடுப்பது என்பது, அந்தக் கரையைப் பொறுத்தவரை, மடவைத் தொழிலையே தடுப்பதற்குச் சமம்.

மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் வந்த வழி நீண்டது. கரையோர நீரும் அதன் அடித்தளமும் பொதுமக்களுக்கு உரியவை, அரசு அவற்றின் காவலர் மட்டுமே என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1842-லேயே ஒரு நியூ ஜெர்சி சிப்பி வழக்கில் உறுதிப்படுத்தியது. 1953-ல் வந்த மூழ்கிய நிலங்கள் சட்டம், பெரும்பாலான மாநிலங்களுக்குக் கரையிலிருந்து 3 கடல்மைல் வரையான கடலைத் தந்தது. டெக்சாசுக்கும் ஃபுளோரிடாவின் வளைகுடாக் கரைக்கும் ஏறக்குறைய 9 கடல்மைல் கிடைத்தது. இதற்கிடையில் காட்டு விலங்குகள் வழியாக இன்னொரு முன்மாதிரி உருவாகியிருந்தது. சந்தைக்காக வேட்டையாடியவர்கள் பறவைகளை வேரோடு அழித்த பிறகு, 1900-ல் லேசி சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அந்த வணிகத்தை முடக்கின. பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவோர் மட்டும் உரிமம் வாங்கித் தொடர்ந்தார்கள். விற்பவன் அழிக்கிறான், விளையாட்டாகப் பிடிப்பவன் காக்கிறான் என்ற இந்த எண்ணம்தான் பிற்காலத்தில் கடலுக்கும் வந்தது. ஃபுளோரிடா 1957-லேயே ஸ்னூக் மீனின் விற்பனையைத் தடுத்து அதைத் தூண்டிலுக்கு மட்டும் ஒதுக்கியது.

பெரிய மோதல் டெக்சாசில் தொடங்கியது. அங்கே சண்டைக்குக் காரணமான மீன், நம் கரையின் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்த ரெட் டிரம். மக்கள் பேச்சில் ரெட்ஃபிஷ். இளம் பருவத்தைக் கழிமுகங்களில் கழித்து, முதிர்ந்த பின் ஆழ்கடலில் கூட்டமாகத் திரியும் இந்த மீன் நாற்பது ஆண்டுகள்கூட வாழும். 1977-ல் ஹூஸ்டனில் கூடிய தூண்டில்காரர்கள் வளைகுடாக் கடற்கரைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 1981-ல், டெக்சாஸ் சட்டமன்றம் ரெட்ஃபிஷையும் புள்ளி டிரவுட் மீனையும் விளையாட்டு மீன்கள் என அறிவித்து, அங்கே பிடிபடும் அவற்றை விற்பதைத் தடை செய்தது. அதே காலத்தில் நியூ ஆர்லியன்சில் பால் புருதோம் என்ற சமையல்காரர், மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மசாலாவைப் பூசி, புகையப் புகையக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக வறுத்து எடுத்தார். அந்தப் பதார்த்தம் நாடெங்கும் பரவ, சுற்றுவலைப் படகுகள் ஆழ்கடலுக்குப் போய் முட்டையிடும் பெருங்கூட்டங்களையே அள்ளத் தொடங்கின. 1986-ல் கூட்டாட்சி அரசு அவசர ஆணை போட்டு அதை நிறுத்தியது. அந்த ஆணை சரியானது. முதிர்ந்த மீனை அந்த வேகத்தில் அள்ளினால் எந்த இனமும் தாங்காது. வலையால் கேடே இல்லை என்று யாராவது வாதிட்டால், இந்த ஒரு நிகழ்வே அதற்குப் போதுமான மறுப்பு.

ஃபுளோரிடாவில் மடவைக்கும் ஓர் ஏற்றுமதிச் சந்தை பிறந்திருந்தது. இலையுதிர்காலத்தில் முட்டையிடக் கடலை நோக்கிக் கூட்டமாக நகரும் பெண்மீனின் சினைக்குத் தைவானிலும் ஜப்பானிலும் நல்ல விலை. மெல்லிய தங்கூசி வலைகளும் விரைவுப் படகுகளும் கைக்கு வந்தபோது, இனப்பெருக்கத்துக்குப் போகும் மீனே குறியானது. ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அளவாகக் கட்டுப்படுத்தும் விதிகள் சட்டமன்றத்திலும் ஆணையங்களிலும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. பொறுமையிழந்த தூண்டில்காரர் அமைப்புகளும் அவர்களின் பத்திரிகைகளும் கையெழுத்து திரட்டி, பிரச்சினையை நேரே வாக்காளரிடம் கொண்டுபோயின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டமன்றம் பேசினால் பருவத்தடை, வலைக்கண் அளவு, ஆண்டு உச்சவரம்பு என்று பல படிகள் இருக்கும். வாக்குச்சீட்டில் ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். அளவோடு செய்யச் சட்டமன்றம் தவறியதால்தான், அளவே இல்லாத தடை அரசியல் சட்டத்தில் ஏறியது.

தடை வந்த பிறகு அரசு மீனவரிடமிருந்து பழைய வலைகளை விலைக்கு வாங்கியது. சிலருக்கு மாற்றுத் தொழில் பயிற்சி தந்தது. சீடார் கீ ஊரில் கடலடி நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து மட்டி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது உண்மையிலேயே வெற்றி பெற்றது, அந்த ஊர் இன்று மட்டிக்குப் பெயர் பெற்றது. ஆனால் மட்டி வளர்க்க ஏற்ற நீர் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. எஞ்சிய வலைக்காரர்கள் சிக்கிய இடம் வலைக்கண். இழுத்துப் பிடித்தால் 2 அங்குலத்துக்கு மேல் விரியும் கண் இருந்தால் அது செவுள் வலையாகவே கருதப்படும் என்று விதி வந்தது. கண் பெரிதாக இருந்தால் குஞ்சு தப்பி ஓடும், வளர்ந்த மீன் மாட்டும். கண் சிறுத்தால் வளர்ந்த மடவை முட்டித் திரும்பும், விற்க உதவாத குஞ்சு செவுளில் மாட்டிச் சாகும். வீண் சாவைத் தடுக்க வந்த சட்டம் வீண் சாவை உண்டாக்குகிறது என்று மீனவர்கள் வழக்காடினார்கள். 2013-ல் கீழ் நீதிமன்றம் ஒன்று அதை ஏற்றது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, தடையை நிலைநிறுத்தியது.

தடைக்குப் பின் மீன் பெருகியதே, அது போதாதா என்பது முதல் மறுப்பு. மடவையும் வேறு சில இனங்களும் பெருகியது உண்மை. வலை எடுத்ததற்கு அதில் பங்கு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. டாம்பா விரிகுடாவில் 1980களின் தொடக்கத்தில் கடற்புல், 1950-ல் இருந்ததில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நகரங்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிய பின், 2014-க்குள் அது பழைய அளவை எட்டியது. மீன்குஞ்சு ஒளிந்து வளர்வது அந்தப் புல்லில்தான். பெருக்கம் முழுவதையும் வலைத்தடையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. சாவின் கணக்கும் ஒருபக்கமாகவே எழுதப்பட்டது. 2004-ல் ஃபெலிசியா கோல்மன் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, நாடு முழுவதும் பிடிபடும் கடல்மீனில் பொழுதுபோக்குத் தூண்டிலின் பங்கு வெறும் 4 சதவீதம். ஆனால் கவலைக்குரிய நிலையில் உள்ள இனங்களை மட்டும் எடுத்தால் அது 23 சதவீதம். மெக்சிகோ வளைகுடாவில் 64 சதவீதம். ஒரு தூண்டில் கொல்வது கொஞ்சம்தான். லட்சக்கணக்கான தூண்டில்கள் சேர்ந்தால் அது கொஞ்சம் அல்ல.

தூண்டில்காரர்கள் படகு, எரிபொருள், விடுதி என்று செலவழிக்கும் பணம், வலைக்காரன் விற்கும் மீனின் விலையைவிடப் பல மடங்கு. ஆகவே மீனை அவர்களுக்கு ஒதுக்குவதே மாநிலத்துக்கு லாபம் என்பது இரண்டாவது மறுப்பு. கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. ஒன்று பிடிப்பவன் செய்யும் செலவு. மற்றது உண்பவனுக்குக் கிடைக்கும் உணவு. கடல்மீன் எல்லோருக்கும் சொந்தம் என்று ஃபுளோரிடாவின் அந்தச் சட்டப் பிரிவே தொடங்குகிறது. அந்த எல்லோரில் படகு இல்லாதவர்களும் அடக்கம். அவர்களுடைய பங்கு அவர்கள் வீட்டுக்கு வர ஒரே வழி, பிடித்து விற்கும் மீனவன். மடவை அந்தக் கரையில் ஏழைகளின் மலிவான மீனாக இருந்தது. விற்பனையைத் தடுக்கும்போது மீனவனின் தொழிலோடு, படகு வாங்க முடியாத குடிமக்களின் பங்கும் பறிபோகிறது.

மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்த பின் குறை சொல்வது முறையா என்பது மூன்றாவது. பொதுச்சொத்துக்கு விதி வகுக்கும் உரிமை மக்களுக்கு உண்டு, அதில் ஐயமில்லை. ஆயினும் வாக்களித்த பெரும்பான்மையினர் அந்தத் தடையால் தங்கள் பிழைப்பை இழக்கவில்லை. இழந்தவர்கள் வாக்கு எண்ணிக்கையில் ஒரு மூலைக்கும் போதாதவர்கள். எல்லோருடைய நன்மைக்காக ஒரு சிலரின் பிழைப்பை எடுத்தால் அதன் விலையை எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். வலைக்குக் கொடுத்த காசு வலையின் விலை மட்டுமே. தலைமுறைகளாகச் சேர்ந்த தொழிலறிவுக்கும், மீன் வாங்கிய கடைக்கும், ஐஸ் போட்டவனுக்கும், படகு பழுது பார்த்தவனுக்கும் அது ஈடாகவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று அண்மை ஆண்டுகளிலிருந்தே கிடைக்கிறது. லூசியானாவில் 1988 முதல் ரெட்ஃபிஷை வணிகத்துக்குப் பிடிக்க முடியாது. அப்படியிருந்தும் அங்கே அந்த மீன் சரிந்தது. 2024 ஜூனில் தூண்டில்காரருக்கான நாள் அளவை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்து, 27 அங்குலத்துக்கு மேற்பட்டதை வைத்துக்கொள்வதையும் தடுத்தார்கள். ஃபுளோரிடாவின் இந்தியன் ஆற்றுக் காயலில் செவுள் வலை போய் 27 ஆண்டுகளான பின், 2022 செப்டம்பர் முதல் ரெட்ஃபிஷ் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று ஆணை வந்தது. காரணம் வலை அல்ல. வீட்டுக் கழிவும் உரமும் கலந்து நீரில் பாசி மண்ட, கடற்புல் மடிந்தது. அந்தப் புல்லை மேயும் கடற்பசுக்கள் உட்பட, 2021-ல் மட்டும் மாநிலத்தில் ஏறக்குறைய 1,100 கடற்பசுக்கள் இறந்தன. வலைக்காரனை அகற்ற ஒரு வாக்கெடுப்பு போதுமானதாக இருந்தது. கழிவுநீர்க் குழாயையும் உரமிட்ட வயலையும் மனைப்பிரிவுகளையும் ஒழுங்குபடுத்தப் பணமும் துணிவும் வேண்டும், எதிர்ப்பவர்கள் வலுவானவர்கள். அதனால்தான் அது தாமதமாகிறது.

விவாதம் முடிந்துவிடவில்லை. 2025 ஜூனில் வட கரோலினா செனட், உள்நீர்ப் பரப்புகளில் இறால் இழுவலையைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஃபிளவுண்டர் மீனுக்குத் தூண்டில் பருவத்தை மீட்பதற்காக வந்த மசோதாவில்தான் அந்தத் தடையையும் சேர்த்திருந்தார்கள். மீனவர்கள் ராலே நகரச் சட்டமன்றத்துக்குத் திரண்டு வந்தார்கள். கீழவை அதை எடுத்துக்கொள்ளவில்லை. இழுவலையால் கேடு உண்டு. சேர்ந்து மாட்டும் குஞ்சு மீன்களைப் பற்றிய கவலையும் நியாயமானது. ஆனால் ஒரு சாராருக்குப் பருவத்தைத் திறந்து, மறுசாராரின் தொழிலை மூடும் ஏற்பாட்டை மீன்காப்பு என்று அழைக்க முடியாது. அடுத்த முறை இப்படியொரு மசோதா எந்தச் சட்டமன்றத்துக்கு வந்தாலும் உறுப்பினர்கள் மூன்றைக் கேட்டாக வேண்டும். எல்லாக் கைகளாலும் சாகும் மீனை எண்ணினோமா? அந்த எண்ணிக்கைக்கேற்ப எல்லாக் கைகளுக்கும் வரம்பு போட்டோமா? மீன் வளரும் நீரைக் கெடுப்பவரிடமும் கணக்குக் கேட்டோமா? மூன்றுக்கும் ஆம் என்ற பிறகும் ஒரு தொழிலை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் நிறுத்தட்டும். முழு ஈட்டையும் கொடுத்துவிட்டு நிறுத்தட்டும். இந்தக் கேள்விகளைத் தாண்டாமல் வரும் தடை, கடலில் யாருக்கு இடம் என்று பங்கு பிரிக்கும் சட்டமே தவிர, மீனைக் காக்கும் சட்டம் ஆகாது.