நோயாளியின் கவலைக்கு ஓர் அளவுகோல்

புற்றுநோயாளியின் நலத்தை எண்ணால் குறிக்கும் வழக்கம் மருத்துவரின் கண்ணிலிருந்து தொடங்கியது. 1948-இல் அமெரிக்காவில் டேவிட் கார்னோஃப்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த அளவில், நோயின் அறிகுறி ஏதுமின்றி இயல்பாக இருப்பவருக்கு 100, பிறர் உதவியும் அடிக்கடி மருத்துவமும் தேவைப்படுபவருக்கு 50, இறந்தவருக்கு 0. கட்டிலருகே நின்றே மருத்துவர் இதைப் போட்டுவிடலாம். நோயாளி எழுந்து நடக்கிறாரா என்பது தெரிந்துவிடும். விடிய விடிய எதை நினைத்து விழித்துக் கிடக்கிறார் என்பது தெரியவே தெரியாது.

தமிழ்நாட்டில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டபோது, உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வி பிறகுதான் வலுத்தது. உலக நலவாழ்வு அமைப்பு 1991-இல் வாழ்க்கைத்தர வினாநிரல் ஒன்றைப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் உருவாக்கத் தொடங்கியது; அதன் மையங்களில் சென்னையும் ஒன்று. வேறொரு மொழியில் முடிந்த கேள்விகளுக்குத் தமிழ்ச் சொல் தேடாமல், கேள்வி பிறக்கும்போதே தமிழும் உடனிருந்தது. இது சிறிய செய்தியல்ல.

ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பு 1993-இல் வெளியிட்ட 30 கேள்விகளில் வலி, களைப்பு, தூக்கம், பசி எல்லாம் உண்டு. பணக்கஷ்டத்துக்கு ஒரே ஒரு கேள்வி. சிகிச்சைக்காக நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு அந்த ஒன்று எப்படிப் போதும்? அடையாறு நிலையத்தின் உளப்புற்றுநோயியல் துறையில் விதுபாலா குழுவினர் இந்தியச் சூழலுக்கென ஒரு வினாநிரலை உருவாக்கி, 2005-இல் அதன் ஆய்வை வெளியிட்டனர். உடல், மனம் ஆகியவற்றோடு குடும்ப உறவு, பொருளாதாரம், நம்பிக்கை, மருத்துவரோடுள்ள உறவு ஆகியவையும் அதில் தனித்தனிக் கூறுகளாயின.

பிரிட்டனில் சார்லட் பேட்டர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 2007-இல் இன்னொரு வழியைக் காட்டினர். தயார்க் கேள்விகளுக்குப் பதிலாக, நோயாளியே தன் இரண்டு முக்கியக் கவலைகளைச் சொந்தச் சொல்லில் எழுதுவார். ஒவ்வொன்றும் எவ்வளவு வாட்டுகிறது என்பதற்கு 0 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தானே வட்டமிடுவார். பொதுநலத்துக்கும் அதே அளவு. சிகிச்சை, ஆலோசனைகளுக்குப் பின் அதே இரண்டு வரிகள் மீண்டும் எண் போட அவர் கைக்கு வரும்.

கல்வராயன் மலை போன்ற இடத்துக்கு இந்த முறையே பொருந்துகிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் இம்மலை முழுதும் சிதறிக் கிடக்கின்றன. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் பெரிய மருத்துவத்துக்குச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போவதானால், கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கிக் கள்ளக்குறிச்சியில் பஸ் மாற வேண்டும். அவருடைய முதல் கவலை, போட்டுவிட்டு வந்த மரவள்ளியை யார் பிடுங்குவது என்பதாக இருக்கலாம். அச்சிட்ட எந்தப் பட்டியலிலும் அது இராது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தயார்க் கேள்வித்தாளை வாசித்துக் காட்டுபவர், "கொஞ்சமா, ஓரளவா, நிறையவா?" என்று கேட்டுக் குறிக்கிறார். "கொஞ்சம்" எங்கே முடிந்து "ஓரளவு" எங்கே தொடங்குகிறது என்பதில் இருவருமே தடுமாறுவார்கள். "ராவெல்லாம் எரியுது, குத்துது" என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டால் அந்தத் தடுமாற்றம் குறையும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. செவிலியர் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கவலைகளைக் கேட்கும்போது, ஆஸ்பத்திரி வரிசையில் சொல்லக் கூசியதும் வாய்க்கு வரும்.