நடுகல்லும் திருத்தொண்டும்

போர்க்களத்திற் பட்ட வீரரை மறவாது போற்றுதல் உலகத்து மக்கள் யாவர்க்கும் பொதுவாய அறமாகும். பாரிசு மாநகரிற் பெயர் அறியப்படாத போர்வீரன் ஒருவனது கல்லறையில் 1923-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் ஏற்றப்பெற்ற விளக்கு, நாள்தோறும் மாலையில் தூண்டப்பெற்று வருகின்றது. பாரத நாட்டின் தலைநகராகிய தில்லியில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்திலும் அணையா விளக்கு எரிகின்றது. கல் ஒன்றை நாட்டியதோடு கடன் முடிந்துவிடுவதில்லை. அதனை நாளும் பேணுவார் வேண்டும் என்பதே இவ்விளக்குகள் உணர்த்தும் பொருள். இவ்வுண்மையைத் தமிழகம் பண்டே தெளிந்து, வழிபாட்டு நெறியோடு இணைத்துக் கொண்டது.

ஆசிரியர் தொல்காப்பியனார் புறத்திணையியலில் வீரனுக்குக் கல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுத்தனர். தக்க கல்லைத் தேர்ந்து காண்டல் காட்சி; அதனைக் கொள்ளுதல் கால்கோள்; நீராட்டுதல் நீர்ப்படை; நிலைபெற நடுதல் நடுகல்; சிறப்புச் செய்தல் பெரும்படை; இறுதியாயது வாழ்த்து. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் கல் எடுத்த வரலாற்றைக் கூறப் புகுந்த இளங்கோவடிகளும், வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே பெயர் அமைத்தனர். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நிலைநிறுத்தி, படைத்து, வாழ்த்தும் இம்முறை, திருக்கோயிற் குடமுழுக்கிற் பயிலும் செயல்களைப் பெரிதும் ஒத்திருத்தல் உய்த்துணரத்தக்கது.

இலக்கியம் கூறுவதை நிலமும் மெய்ப்பிக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப் பெற்றவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலிற் பட்டான் ஒருவன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவன் முடிமன்னன் அல்லன். ஊரின் ஆநிரையை முன்னிட்டு உயிர் நீத்தவன். ஆயினும் அவன் பெயர் ஈராயிரம் ஆண்டு கடந்தும் அழிந்திலது.

செங்கத்தை அடுத்த எடுத்தனூர் நடுகல் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. பல்லவன் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில் எருமை நிரையைக் காத்துப் பட்ட வீரனுக்கு எடுக்கப்பெற்ற கல் அது. அதன்கண் அவ்வீரன் அருகே நாய் ஒன்றும் செதுக்கப்பெற்றுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், அது கள்வனைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறும். நன்றி மறவாத அம்மக்கள் வாயில்லா உயிரின் பெயரையும் விடாது பொறித்தனர்.

பெயர் பொறித்தல் மட்டும் போதும் என்று முன்னோர் கருதினாரல்லர். பட்ட வீரனின் சுற்றத்தார் வாழ்தற்பொருட்டு நிலம் வழங்கினர். நடுகற் கல்வெட்டுகளில் அது நெய்த்தோர்பட்டி எனவும், பிற கல்வெட்டுகளில் உதிரப்பட்டி எனவும் வழங்கும். நெய்த்தோர், உதிரம் ஆகிய இரண்டும் குருதியின் பெயர்கள். சிந்திய குருதிக்கு ஊரார் கடன்பட்டவர் என்னும் கருத்து அப்பெயர்களிலேயே அமைந்துள்ளது.

ஒரு போரினை இரு திறத்தாரும் நினைவு கூர்ந்த முறையைக் காண விழைவார்க்குத் தக்கோலப் போர் தக்க சான்றாகும். 949-ஆம் ஆண்டில் நிகழ்ந்த அப்போரில், முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன், இராட்டிரகூட வேந்தன் மூன்றாங் கிருட்டிணனது படையை எதிர்த்து, யானைமீது இருந்தவாறே உயிர் நீத்தான். சோழர் அவனை ஆனைமேல் துஞ்சிய தேவர் எனப் போற்றினர். தோல்வியை மறைக்காமலும் இழிவென எண்ணாமலும், அவன் இறந்த நிலையையே பட்டப் பெயராக்கினர்.

வென்ற திறத்தார் கல் கன்னட நாட்டில் ஆதகூரில் எழுந்தது. இப்பொழுது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கல்லெழுத்து இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைக் கூறும். ஆயினும் அக்கல் எடுக்கப்பெற்றது ஒரு வேட்டை நாயின் பொருட்டே. அப்போரில் வீரம் விளைத்த மணலேரன் என்பான், காளி என்னும் அந்நாயைப் பரிசாக வேண்டிப் பெற்றான். அது காட்டுப் பன்றியொடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மாய்ந்தது. அதற்குச் சிவன் கோயில் முன்னர்க் கல் நிறுத்தி, நிலமும் விட்டனர். அக்கல்லை வழிபடாது உண்ணும் பூசகன் பாவத்துக்கு உள்ளாவான் என்றும் எழுதி வைத்தனர். மொழி வேறாயினும் நெறி ஒன்றே: கல்லோடு நிலமும், நிலத்தோடு வழிபடுங் கடமையும் சேர்ந்தே வைக்கப்பெற்றன.

தோற்ற திறத்தில் உயிரோடு எஞ்சியவர் நிலை யாது? அதற்கு விடை திருவொற்றியூர்த் திருக்கோயிற் கல்வெட்டில் உள்ளது. இராசாதித்தனின் படைத்தலைவருள் ஒருவர் வெள்ளங்குமரன். சேர நாட்டினர்; 943-ஆம் ஆண்டில், அப்பரடிகள் பாடிய திருமுண்டீச்சரத்தில் இறைவனுக்குக் கற்றளி எடுப்பித்த சிவநேயர். தக்கோலக் களத்தில் தலைவன் பட்டபோது அவர் உடனிருந்திலர். தலைவனோடு உடன் மாயாமை தம் குடிக்கும் தலைவனுக்கும் ஒவ்வாதது எனக் கருதி மனம் நொந்தார், உலகியலைத் துறந்தார், கங்கையில் நீராடினார், திருவொற்றியூரை அடைந்து நிரஞ்சன குருவிடம் நோன்பு ஏற்றார். சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு அத்திருமடத்தின் தலைவரும் ஆயினார். ஒற்றியூர் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நிகழப் பொன்னும் வைத்தார்.

எஞ்சி நின்றார் நெஞ்சில் எழும் துயர் பட்டார் பெற்ற புண்ணினும் கொடிது. அத்துயரைத் திருமடம் இகழவில்லை; தன்பால் ஏற்று, தொண்டாக மாற்றியது. வாள் ஏந்திய கை திருநீறு வழங்கும் கையாயிற்று.

இதற்கு முன்னோடியாகச் சேக்கிழார் பெருமான் காட்டுவது சிறுத்தொண்ட நாயனார் வரலாறு. வாதாபியைத் துகளாக்கி மீண்ட பரஞ்சோதியார் சிவனடியார் என்பதனை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன், பெரியாரைப் போர்முகத்து விடுத்தேனே என்று நடுங்கிப் பிழைபொறுக்க வேண்டினான். நிறைந்த நிதியம் வழங்கி, திருத்தொண்டு புரிந்து வாழுமாறு விடைகொடுத்தான். அவரும் திருச்செங்காட்டங்குடி அடைந்து அடியார்க்கு அமுதூட்டும் தொண்டில் தலைநின்றார். வெற்றி தந்த வீரனைக் கொண்டாடிய அளவில் நில்லாது, அவனைப் போருக்கு அனுப்பியதற்காக அஞ்சிய வேந்தனது உள்ளம் போற்றற்குரியது. மீண்ட வீரருக்கு நாடு செலுத்தத்தக்க கடன், அவர்தம் எஞ்சிய வாழ்நாள் அமைதியும் பயனும் உடையதாகச் செய்தலே.

பட்டார்க்குக் கல், சுற்றத்தார்க்கு நிலம், மீண்டார்க்குத் திருத்தொண்டு என்னும் இம்மூன்றும் முன்னோர் கண்ட நெறி. இவற்றுள் ஒன்று குறையினும் நினைவு நிரம்பாது.

திருக்கோயிற் பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக. ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் கோயிற் புறத்திலும் பெயரற்ற சாமியாய் நிற்கும் கற்களுட் பல, அவ்வூர் வாழ உயிர் தந்தார் கற்கள். திருப்பணிக் காலத்தில் அவற்றைப் பெயர்த்துப் படிக்கல்லாக இடுதலும், எழுத்து மறையச் சுதை பூசுதலும், மணற்பீச்சித் தேய்த்தலும் அவர்களை இரண்டாம் முறை சாகச் செய்தலாகும். அவற்றை நின்ற இடத்தே காத்து, எழுத்தினைப் படியெடுத்து, மாலைப் பொழுதில் ஓர் அகல் ஏற்றுவாராயின், குடமுழுக்கின் பயன் நிறைவெய்தும். எவ்வுயிரின் தியாகத்தையும் மறவாத எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் யாவர்க்கும் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.