கால் மிகுந்த தவளைகள்: வியப்பும் அச்சமும் விளக்கமும்

1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஹென்டர்சன் என்ற சிற்றூருக்கு அருகே, பள்ளி மாணவர்கள் சிலர் தங்கள் ஆசிரியருடன் ஒரு பண்ணைக் குளத்தைப் பார்க்கப் போனார்கள். வழியில் துள்ளிய சிறுத்தைத் தவளைகளைப் பிடித்தபோது ஒன்றின் பின்கால் கோணலாக இருந்தது. தாங்கள்தான் முறித்துவிட்டோமோ என்று பிள்ளைகள் பதறினார்கள். அடுத்ததற்கும் கால் சரியில்லை. இன்னொன்றுக்குக் காலே இல்லை. பிடித்த 22 தவளைகளில் 11 இப்படி இருந்தன. செய்தி மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமைக்குப் போனது. அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது.

கால் பிறழ்ந்த தவளைகள் அன்று புதியவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களின் குறிப்புகளிலேயே அவை இடம்பெற்றிருக்கின்றன. புதியது மனிதர்கள் அவற்றைப் பார்த்த விதம். அந்தப் பார்வை எப்படி மாறி வந்தது, ஒவ்வொரு பார்வையும் எதைக் கண்டது, எதைத் தவறவிட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இருந்தது வியப்பு. அரிய உருவங்களைச் சாராயத்தில் ஊறவைத்துக் கண்ணாடிச் சாடிகளில் சேர்த்து வைத்தார்கள். 1830-களில் பிரான்சின் இசிதோர் ஜொஃப்ருவா செந்திலேர் உருப்பிறழ்வுகளை வகைப்படுத்தி, அந்த ஆய்வை ஒரு தனித் துறையாக்கினார். 1894-இல் ஆங்கிலேயரான வில்லியம் பேட்சன் தம் பெருநூலில் கூடுதல் கால்களைப் பற்றி ஓர் ஒழுங்கைச் சுட்டிக்காட்டினார்: மிகையாக முளைத்த கால், பக்கத்துக் காலின் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும். தாறுமாறு என்று தோன்றுவதற்குள்ளும் ஒரு விதி இருக்கிறது என்பது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அந்தத் தவளை எந்தக் குளத்தில் வாழ்ந்தது, அதே குளத்தில் இன்னும் எத்தனை இருந்தன என்று கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. ஒற்றை உயிரே போற்றப்பட்டது, குளம் மறக்கப்பட்டது.

குளத்தை நோக்கித் திரும்பியவர் பிரெஞ்சு உயிரியலாளர் ஜான் ரொஸ்தான். நாடக ஆசிரியர் எத்மோன் ரொஸ்தானின் மகன். 1940-களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, விரல்களும் கால்களும் மிகுந்த பச்சைத் தவளைகளை அவர் தேடி அலைந்தார். பிரித்தானிப் பகுதியின் திரெவிஞோன் குளம் அவரது தேடலில் பெயர் பெற்றது. அந்தப் பிறழ்வுக்கு அவர் 'பி' என்ற எழுத்தைப் பெயராக வைத்தார். அது பரம்பரையாக வருவதில்லை, தலைப்பிரட்டைப் பருவத்தில் குளத்திலிருந்தே தொற்றுகிறது என்று கணித்தார். வைரஸாக இருக்கலாம் என்று ஐயுற்றாரே தவிர, காரணியைக் கையில் பிடிக்க அவரால் முடியவில்லை.

மின்னசோட்டாவில் எழுந்ததோ அச்சம். சில மாதங்களுக்குள் பல மாநிலங்களிலிருந்து இதேபோன்ற தகவல்கள் வந்தன. தவளைக்கு நேர்ந்தது நம் பிள்ளைகளுக்கும் நேருமோ என்பதே கேள்வி. ஆய்வகத் தவளைக் கருக்களைக் குளத்து நீரில் வளர்த்தபோது உருக்குலைவு ஏற்பட்டதால், 1997-இல் அரசு அப்பகுதியில் சில வீடுகளுக்குப் புட்டிநீர் வழங்க முன்வந்தது. வேறு ஆய்வாளர்கள் அந்தச் சோதனையின் முடிவை மறுத்தார்கள். பூச்சிக்கொல்லியா, ஓசோன் படலம் மெலிந்ததால் மிகுந்த புறஊதாக் கதிரா, ஒட்டுண்ணியா என்று ஒவ்வொரு அணியும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடியது. இந்த ஒற்றைக் காரண வேட்கைதான் விடையைத் தாமதப்படுத்தியது என்பது என் கருத்து.

வேதிப்பொருள் அணிக்கு வலுவான சான்று ஒன்று இந்தியாவிலிருந்து கிடைத்திருந்தது. ஒடிசாவின் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடி விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். ஒடிசி நடனக் கலைஞரும்கூட. அவரும் உடன் ஆய்வாளர்களும் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் வளர்த்தார்கள். வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதிலாகக் கால்கள் முளைத்தன! 1992-இல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது. வைட்டமின் ஏ-யோடு உறவுடைய ரெட்டினாயிக் அமிலம் கை கால் உருவாக்கத்தை வழிநடத்துவது. கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படும் மீத்தோப்ரீன் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் இதேபோல் செயல்படக்கூடும் என்று சந்தேகம் எழுந்தது அதனால்தான்.

ஆனால் கால் மிகுதிக்கான விடை வேறொரு திசையில் காத்திருந்தது. கலிபோர்னியக் குளங்களின் பிறழ்ந்த தவளைகளிலும் சலமாண்டர்களிலும் தட்டைப்புழுக் கூடுகளைக் கண்ட ஸ்டான்லி செஷன்ஸும் ஸ்டீபன் ரூத்தும், தலைப்பிரட்டையின் கால் மொட்டில் அந்தக் கூடுகளுக்கு ஈடாக நுண்ணிய மணிகளைப் பொதித்துப் பார்த்தார்கள். நஞ்சு எதுவும் இல்லாத அந்த மணிகளே கூடுதல் கால்களை முளைக்கச் செய்தன. கால் மொட்டின் செல்கள் இடம்பெயர்ந்தால், பிரிந்த ஒவ்வொரு பகுதியும் ஒரு முழுக் காலை உருவாக்க முயல்கிறது. 1990-இல் வெளிவந்த இந்தக் கட்டுரை, பேட்சனின் கண்ணாடிப் பிம்பத்துக்கும் பொருள் சொன்னது. 1999-இல் பீட்டர் ஜான்சனும் குழுவினரும் 'ரிபெய்ரோயா' என்ற தட்டைப்புழுவை 16, 32, 48 என்று எண்ணித் தலைப்பிரட்டைகள் மேல் விட்டார்கள். குளத்தில் கண்ட அதே உருவங்கள் ஆய்வகத்தில் உருவாயின. புழு கூடக்கூட, பிழைத்தவை குறைந்தன. இந்தப் புழு நத்தையில் பெருகி, தலைப்பிரட்டைக்குள் புகுந்து, தவளையைத் தின்னும் கொக்கு முதலிய பறவைகளின் வயிற்றில் முதிர்கிறது. நொண்டும் தவளை பறவைக்கு எளிய இரை.

அப்படியானால் விவசாய இரசாயனங்களுக்குப் பங்கில்லையா? இருக்கிறது. 2002-இல் ஜோசப் கீசெக்கர் பென்சில்வேனியாவில் வலைக்கூண்டுகளில் தலைப்பிரட்டைகளை வளர்த்தார். புழு நுழைய முடியாத கூண்டுகளில் கால் பிறழவில்லை. புழு நுழைந்த இடங்களில், வயல்நீர் கலந்த குளத்திலேயே பாதிப்பு அதிகம். பூச்சிக்கொல்லி தலைப்பிரட்டையின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடுகிறது. உரம் கலந்த நீரில் பாசி செழிக்கிறது. பாசி தின்னும் நத்தை பெருகுகிறது. நத்தையோடு புழுவும் பெருகுகிறது. 2007-இல் ஜான்சன் குழு நடத்திய சோதனையில், ஊட்டம் மிகுந்த நீரில் தவளைகளின் தொற்று 2 முதல் 5 மடங்கு வரை கூடியது. புழுவா, உரமா என்று பிரித்து வாதிட்டதே தவறு. அஞ்சிய மக்கள் முழுவதும் ஏமாறவில்லை.

மின்னசோட்டாவில் மிகுதியாகக் காணப்பட்டது கூடுதல் கால் அல்ல, கால் இன்மை. இதற்கு 2009-இல் காட்சிக் கலைஞர் பிராண்டன் பாலென்ஜேயும் செஷன்ஸும் ஒரு விளக்கம் தந்தார்கள். நீரில் வாழும் இளம்பருவத் தும்பிகள் தலைப்பிரட்டையின் பின்கால்களை மட்டும் கடித்துத் தின்றுவிடுகின்றன. எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

அச்சத்தின் ஆகச் சிறந்த பயன் எண்ணிக்கை. 2000 முதல் பத்தாண்டுகள் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 152 காப்பகங்களில் 68,000-க்கும் மேற்பட்ட தவளை, தேரைகளைச் சோதித்தது. சராசரி பிறழ்வு சுமார் 2 விழுக்காடு. ஆனால் சில பகுதிகளில் அது 40 விழுக்காடு வரை உயர்ந்தது. பழைய சாடிகளும் வீணாகவில்லை: 1946 முதல் 1988 வரை சேகரித்த அருங்காட்சியக மாதிரிகளை ஜான்சன் குழு திறந்து பார்த்தபோது, பலவற்றில் அதே ரிபெய்ரோயா இருந்தது.

நம் பக்கத்திலும் தொடக்கம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதி வயல்களில் பிறழ்ந்த தவளைகள் பதிவாகியுள்ளன. இலங்கையின் பேராதனையில், அந்நாட்டுக்கே உரிய மரத்தவளையின் தலைப்பிரட்டைகளில் தட்டைப்புழுவும் பூச்சிக்கொல்லியும் உண்டாக்கும் பாதிப்பைச் சோதித்தார்கள். அங்கே கால்களைவிட முதுகெலும்பே அதிகம் வளைந்தது. தமிழக நெல்வயல்களிலும் ஏரிகளிலும் ஆண்டுதோறும் தவளைகளை எண்ணிப் பார்க்கும் பணியைக் கல்லூரி விலங்கியல் துறைகள் ஏற்க வேண்டும். பெரிய கருவிகள் தேவையில்லை. வலையும் குறிப்பேடும் பொறுமையும் போதும்.

ரொஸ்தான் 1977-இல் காலமானார். அவரது 'பி' பிறழ்வை உண்டாக்குவது 'ஸ்டிரிஜியா ரொபஸ்டா' என்ற தட்டைப்புழு என்று ரஷ்ய ஆய்வாளர்கள் சோதனை வழி காட்டியது 2020-இல்.