ஆடிப்பாவையும் கொல்லிப்பாவையும்

வெளியே கிளம்புமுன் கண்ணாடியை ஒருமுறை பார்க்காமல் நாம் வாசல் தாண்டுவதில்லை. தாண்டிய பிறகும் விடுவதில்லை. நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி, துணிக்கடையின் கதவு, இப்போது கைப்பேசியின் முன்புறக் காமிரா என்று முகம் தெரியும் இடத்திலெல்லாம் சற்றே தயங்குகிறோம். இப்பழக்கத்தின் பழமையைத் தமிழில் தேடிச் சென்றால், இரண்டு பாவைகளின் முன் வந்து நிற்கிறோம். ஒன்று ஆடிப்பாவை, மற்றது கொல்லிப்பாவை.

ஆடி என்பது கண்ணாடி. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் அதனைப் பரத்தையின் வாயில் வைக்கிறார். நம்மிடம் பெருமை பேசும் தலைவன், தன் வீட்டில் மனைவி கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம்தான் என்பது அவள் ஏளனம். நிழலுக்கென்று சொந்தமாக ஓர் அசைவு இல்லை என்பதே உவமையின் கூர்மை. அழகு பற்றிய பேச்சு அதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

அகநானூற்றில் இன்னொரு நுட்பமான உவமை வருகிறது. கண்ணாடியில் ஊதிய ஆவி மெல்ல மெல்லச் சுருங்கி மறைவதுபோல் தலைவியின் வலிமை தேய்வதாக அது சொல்கிறது. தன் மூச்சு படும் தொலைவில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தவர்க்கன்றி இவ்வுவமை தோன்றியிராது. பழக்கத்தின் பழமைக்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

அக்காலத்துக் கண்ணாடி பளபளப்பாகத் தேய்த்தெடுத்த உலோகம். ஆண்டாள் திருப்பாவையில் நோன்புக்குரிய பொருள்களுள் ஒன்றாகக் கேட்கும் ‘தட்டொளி’யும் அதுவே. அந்தக் கைவினையின் ஒரு கிளை இன்றும் கேரளத்தின் ஆறன்முளையில் உயிரோடிருக்கிறது. செம்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்து, பொறுமையாகத் தேய்த்து எடுக்கிறார்கள். அக்கைவினைஞரின் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்துச் சங்கரன்கோயிலிலிருந்து வந்தவர்கள் என்பது அங்கு வழங்கும் மரபுக்கதை. கண்ணாடிச் சில்லில் வெள்ளி பூசும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டறிந்தார். அவ்வகை முறைகள் பரவிய பின்னரே தெளிவான கண்ணாடி எளிய வீடுகளின் சுவருக்கும் மலிவாக வந்து சேர்ந்தது.

இனி மற்றப் பாவை. நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது கொல்லிமலை. அங்கே தெய்வம் அமைத்ததாகப் புலவர்கள் பாடிய உருவம் கொல்லிப்பாவை. கண்டவரை மயக்கிச் சிரித்தே கொல்லும் என்பது வழிவழி வந்த கதை. எட்டுக்கை அம்மனே அப்பாவை என்று நம்பி வழிபடுவோர் இன்றும் உண்டு.

கபிலர் குறுந்தொகையின் நூறாம் பாடலில் அதனை வல்வில் ஓரியின் கொல்லியிலுள்ள பாவை என்கிறார். பரணர் எண்பத்தொன்பதாம் பாடலில் சேரன் பொறையனின் கொல்லி என்கிறார். இடையில் நடந்தது நமக்குத் தெரியும்: மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறியது; பாவை மாறவில்லை. நற்றிணை 201ஆம் பாடலில் பரணர் அதையே வேறு வகையில் விரிக்கிறார். காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடி சினந்து விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் உருவம் குன்றாதது அப்பாவை. அவளும் அவ்வாறே என் நெஞ்சில் நிற்கிறாள் என்கிறான் தலைவன்.

ஆக, ஒரு பாவை நாம் அசைந்தால் அசையும்; மற்றது எது அசைந்தாலும் அசையாது. ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் தமிழ் வைத்திருக்கிறது. கண்ணின் கருமணிக்கும் பாவை என்றே பெயர். இலத்தீனிலும் கண்மணியைக் குறிக்கும் ‘புபில்லா’ என்ற சொல்லுக்குச் சிறு பெண், சிறு பொம்மை என்று பொருள். எதிரில் நிற்பவரின் கண்ணில் நம் உருவம் சிறு பொம்மையாகத் தெரிவதே இதற்குக் காரணம் என்பர். ஆடியும் தட்டொளியும் இல்லாத இடத்தில் மனிதர் தம்மைக் கண்டுகொண்டது அங்கேதான்.

எண்பத்தொன்பதாம் பாடலுக்கே திரும்புவோம். கொல்லிப்பாவைக்கு ஒப்பாக அங்கே சொல்லப்படுபவள், வள்ளைப் பாட்டுப் பாடிக்கொண்டு உலக்கை பிடித்துக் குற்றும் ஓர் இளம்பெண். கையில் உலக்கை, வாயில் பாட்டு. அவள் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தவர் சொல்லித்தான் அவளழகு நம் காலம்வரை வந்திருக்கிறது.

நவீன இலக்கியமும் இவ்விரு பெயர்களை விட்டுவிடவில்லை. 1970களில் ‘கொல்லிப்பாவை’ என்றொரு சிற்றிதழ் வந்தது. 2017இல் தமிழவனின் ‘ஆடிப்பாவைபோல’ நாவல் வந்தது. நாமோ நாளுக்குப் பலமுறை ஆடிப்பாவையைச் சரிபார்க்கிறோம். அது நாம் தூக்கிய கையைத்தான் தூக்கிக் காட்டும். வேலையில் மூழ்கித் தம்மை மறந்திருக்கும் வேளையில் நாம் எப்படித் தோன்றுகிறோம் என்பதை அதனிடம் கேட்டறிய இயலாது. அதற்கு, அன்றுபோல இன்றும், இன்னொருவர் கண் வேண்டியிருக்கிறது.