கடைசற் கலையும் ஒரு துறவியும்

குமரி மாவட்டத்தின் கல்லறைத் தோட்டங்களில் ஈழத்தலரி மரம் நிற்கக் காண்கிறோம். கள்ளிமந்தாரை என்பாரும் உளர். தாவரவியலார் அதற்கு இட்ட ‘புளுமேரியா’ என்னும் பெயர், ஒரு கத்தோலிக்கத் துறவியின் நினைவாக இடப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிந்திரார்.

சார்லஸ் புளுமியே 1646-இல் பிரான்சு நாட்டு மார்செய் நகரில் பிறந்தவர். பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையில் பதினாறாம் வயதில் சேர்ந்தார். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் விலக்கும் கடுந்தவச் சபை அது. மும்முறை மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று செடிகொடிகளை வரைந்தவர் என்றே உலகம் அவரை அறியும். நாம் இங்கு நினைவுகூர விரும்புவது வேறொன்று. 1701-இல் லியோன் நகரில், பிரெஞ்சிலும் இலத்தீனிலுமாக அவர் வெளியிட்ட ‘கடைசற் கலை’, அத்தொழிலுக்கென்றே எழுதப்பட்ட முதல் நூலாக மதிக்கப்படுகிறது.

நாம் அறிந்த கடைசலில் மரம் ஒரே அச்சில் சுழலும். கடைவோர் உளியை அதன்மேல் வைத்துப் பிடிப்பர். எங்கு அறுத்துப் பார்த்தாலும் வட்டமே. கட்டிற்கால், தொட்டிற்கால், அம்பாசமுத்திரத்துச் சொப்பு யாவும் இவ்வகையே. அலங்காரக் கடைசலிலோ, அச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டின் ஓரம் நெளிநெளியாக வெட்டப்பட்டிருக்கும். அவ்வோரம் அசையாத ஒரு முனையை உரசிச் செல்ல, அச்சே மெல்ல ஊசலாடும். அந்த ஊசலாட்டம் தந்தத்தின்மீது பூவிதழ்க் கோடாகப் பதியும். தட்டை மாற்றினால் பூவும் மாறும்.

மன்னர்களுக்கு இது பெரும் விளையாட்டாயிற்று. ரஷ்யாவின் மகா பீட்டர் தம் கையாலேயே கடைந்தார். பின்னர் இலண்டனில் ஹோல்ட்சாப்பெல் குடும்பத்தார் ஏறத்தாழ 2,500 கடைசல் பொறிகள் செய்து விற்றனர். வாங்கியோர் பெரும்பாலும் செல்வரே. இழுப்பறை இழுப்பறையாய்த் தட்டுகளும் சிற்றுளிகளும் பிடிகளும் உடன் வரும். இன்று அவை சேகரிப்போர் தேடும் பழம்பொருள்கள்.

புளுமியே எழுதியது அச்செல்வர்க்கு உதவியது உண்மையே. எனினும், தந்தை கையிலிருந்து மகன் கைக்கு மட்டுமே சென்ற நுணுக்கத்தை, ஒவ்வோர் உறுப்பாக வரைந்து அவர் பொதுவில் வைத்தார். பட்டறைத் தூசு துறவுக்கு இழுக்கென அவர் எண்ணவில்லை. 1704-இல் பெரு நாட்டுக்குக் கப்பலேறும் முன், ஸ்பெயினின் காடிஸ் அருகே மரித்தார்.

நம் மண்ணுக்கு வந்த குருக்கள் தமிழுக்கு இலக்கணமும் அகராதியும் தந்தனர், நன்றியோடு ஏற்கிறோம். சுழலும் மரத்தில் அரக்குக் கோலை எவ்வளவு அழுத்தினால் சூட்டில் உருகிச் சீராகப் படியும் என்பதை அம்பாசமுத்திரத்துக் கை அறியும். அந்தக் கையை வரைந்தவர் யார்? நம் பங்குகளிலும் பழைய கடைசல்காரர் சிலர் இருக்கக்கூடும். அவர்தம் உளிகளின் பெயர்களையாவது நம் இளைஞர் கேட்டு எழுதி வைக்கலாம்.