லயத்துப் பாட்டைத் தேடிய கவிஞர்: சி.வி. வேலுப்பிள்ளை

1869ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட், பண்பாடு பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். உலகின் உயர்ந்த சிந்தனைகளைக் கற்றறிவதே சமூகத்தைச் செப்பனிடும் என்பது அவர் வாதம். அதே ஆண்டில்தான் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் தலைமுறைகளைக் கழித்தனர். பண்பாட்டை அந்த லயங்களில் தேடியவர் சி.வி. வேலுப்பிள்ளை.

நுவரெலியா மாவட்டத்தின் மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. அட்டனிலும் கொழும்பு நாலந்தாவிலும் கற்றார். முதலில் அவர் கவிதை எழுதியது ஆங்கிலத்தில்தான். 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவர்கூடத் தம் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இந்நாட்டில் பிறந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. லயத்து மனிதரிடம் அதற்கான கடதாசி ஏது? 1949இல் வாக்குரிமையும் பறிபோனது.

இந்தப் பின்னணியில்தான் சி.வி.யின் எழுத்தைப் படிக்க வேண்டும். 1950களில் வெளிவந்த 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கிலக் கவிதை, தோட்டத்துத் துயரத்தைத் துரைமாரின் மொழியிலேயே சொன்னது. அதைச் சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் தந்தார். 'வீடற்றவன்' நாவலின் தலைப்பே ஒரு சமூகத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

எனினும், மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்ததே அவரது தலையாய பணி என்பேன். கடல் கடந்த பயணம், பெரட்டுக் களம், கங்காணியின் அதட்டல், கொழுந்துக் கூடையின் பாரம் யாவும் அப்பாடல்களில் உண்டு. சட்டம் கேட்ட அத்தாட்சியாக அவை ஏற்கப்படமாட்டா. ஆனால் இம்மண்ணில் வாழ்ந்து மடிந்தோரின் வரலாற்றுக்கு அவற்றைவிட நெருங்கிய சாட்சி எது? கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளைத் தொகுத்த எஸ். முத்துமீரானின் உழைப்பும் இவ்வகையதே.

சி.வி. 1984இல் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. கடதாசி தாமதமாக வந்தது. பாட்டு முன்னரே பதிவாகியிருந்தது. நம் மூதாட்டியரின் நாவில் இன்னும் எஞ்சியிருப்பதை எழுதி வைப்பது நம் கடன்.