நீர் மசகுக் காற்றமுக்கிகளின் செயல்திறன் சோதனை

மருந்து, உணவு, மின்னணு ஆலைகளில் காற்றில் எண்ணெய் கலக்கக் கூடாது. அதற்காக உருவான காற்றமுக்கி (கம்ப்ரெசர்) வகைகளுள் ஒன்றில் மசகு, அடைப்பு, குளிர்விப்பு ஆகிய மூன்று வேலைகளையும் நீரே செய்கிறது. 20 டிகிரி காற்றை வெப்பம் வெளியேறாமல் எட்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் கோட்பாட்டின்படி அது சுமார் 257 டிகிரியைத் தொடும். வெப்பநிலை மாறாமல் அமுக்க முடிந்தால் வேலை ஏறக்குறைய 27 விழுக்காடு குறையும். உள்ளே தெளிக்கப்படும் நீர் இந்த இலட்சியத்தை நெருங்க உதவுகிறது. ஆனால் நீருக்குப் பாகுநிலை எண்ணெயைவிட மிகக் குறைவு. அதனால் காற்றை அமுக்கும் திருகுகளின் இடுக்கில் காற்று கசிகிறது. ஆதாயம் எவ்வளவு, கசிவு தின்றது எவ்வளவு என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும். அந்தச் சோதனையில் நீரின் கணக்கைச் சரியாகப் போடாவிட்டால், வரும் எண்ணை நம்ப இயலாது.

ஐ.எஸ்.ஓ. 1217 தரநிலை, வெளிவரும் காற்றை உறிஞ்சும் நிலைக்கு மாற்றிக் கணக்கிட்டு, ஒரு கன மீட்டருக்கு ஆகும் மின்சாரத்தைக் கேட்கிறது. சிக்கல் இங்கேதான். 35 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதத்தில் உறிஞ்சும் காற்றில் ஏறத்தாழ 3.9 விழுக்காடு நீராவி. அதுவே 8 பார் தனியழுத்தத்தில் 40 டிகிரிக்குக் குளிர்ந்தால் 0.9 விழுக்காடுதான் தங்கும். மீதி 3 விழுக்காடு நீராகி விழுவதால், கடைசியில் உள்ள அளவி அதைக் காண்பதில்லை. மற்ற கம்ப்ரெசர்களில் அந்த நீரைப் பிடித்து எடை போடலாம். இங்கே அதில் பெரும்பங்கு சுற்றோட்ட நீரோடு கலந்துவிடுகிறது. ஈரப்பதத்தை அளந்து கணக்கிடுவதே வழி. தரநிலை பெரிய இயந்திரங்களுக்கே ஓட்டத்தில் 4 விழுக்காடு விலக்கம் அனுமதிக்கிறதே, இந்த 3 விழுக்காடு அதற்குள் அடங்காதா என்று கேட்கலாம். அடங்காது. விலக்கம் கூடியும் குறைந்தும் வரும் பிழைகளுக்கானது. ஈரக்காற்றில் இந்தப் பிழையோ எப்போதும் ஒரே திசையில் சாயும். இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது 3 விழுக்காடே தேர்வை மாற்றிவிடும்.

எண்ணெயே இல்லாதபோது தூய்மைச் சோதனை எதற்கு என்ற வாதமும் உண்டு. ஆலைச் சூழலின் எண்ணெயாவி உறிஞ்சுவாய் வழியே உள்ளே வரும். வெதுவெதுப்பான சுற்றோட்ட நீரில் கிருமிகள் பெருகவும் கூடும். ஐ.எஸ்.ஓ. 8573 வரிசையில் எண்ணெயாவிக்கு 5ஆம் பகுதியும் நுண்ணுயிர்களுக்கு 7ஆம் பகுதியும் இருப்பது இதனால்தான். செயல்திறனுக்குத் திரும்பினால், உறிஞ்சும் காற்றின் ஈரப்பதம், தெளிப்பு நீரின் அளவு, அதன் வெப்பநிலை ஆகிய மூன்றும் இல்லாத சோதனை அறிக்கையை வாங்குபவர் திருப்பி அனுப்ப வேண்டும்.